ரொறன்ரோ கார் ஏலத்தில் அத்தானின் மொறிஸ் மைனர்

இந்த ஒக்ரோபரில் நான் கனடாவுக்குப் போனது மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்க. இரண்டு கிழமை லீவு, சூரிச்சிலிருந்து போய்வர 840 பிராங்க், இரண்டாவது சனிக்கிழமை ரொறன்ரோவுக்கு வடக்கே காட்டுப் பக்கம் ஒரு நாள் பயணம் என்று எல்லாம் ஒழுங்காகத் திட்டம் போட்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை நான் நின்றதோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், றெக்ஸ்டேல் தாண்டி, நானூறுக்கு மேற்பட்ட பழைய கார்கள் நின்ற ஒரு கண்காட்சி மண்டபத்துக்குள். கார் என்றால் நாலு சில்லு, ஒரு ஸ்ரியரிங் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. என் காரை நான் கழுவுவதே வருடத்தில் இரண்டு முறைதான். ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பருவத்தில் ரொறன்ரோ போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். இலை எங்கேயும் ஓடிவிடாது.

ஏன் போனேன் என்று சொல்ல முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். நான் தங்கியது ரொறன்ரோவின் கிழக்குக் கோடியில், மல்வேர்னில், என் அக்கா றீற்றா வீட்டில். சுவரோடு சுவர் ஒட்டிய ரவுண்ஹவுஸ். ஒரு கராஜ், அதற்கு முன்னால் இரண்டு கார் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க இடம். கராஜுக்குள் அக்காவின் கொறோலா ஒருநாளும் நின்றதில்லை. பதினொரு வருடமாக அங்கே குடியிருப்பது அத்தான் மரியதாஸின் இளம்பச்சை மொறிஸ் மைனர். 1959 மொடல். அத்தானுக்கு ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிற வேலை. யாரோ ஒரு விவசாயியின் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்த அந்தக் காரை வாங்கி வந்து, இங்கிலாந்திலிருந்து ஒவ்வொரு பாகமாகத் தபாலில் எடுத்து, எட்டு வருடத்தில் ஓட வைத்தார். பிறகு அது கோடைகாலத்தில் மட்டும் வெளியே வரும். ஞாயிறு பூசைக்குப் போகும், தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கலியாணக் காராகப் போகும். ஐஸை உருக்க வீதியில் தூவும் உப்பு இரும்பைத் தின்னும், அதனால் முதல் உப்பு விழுந்ததும் கராஜுக்குள் போர்வை போர்த்துக்கொண்டு படுத்துவிடும்.

அக்கா வேலை செய்வது ஒரு பாண் பக்டரியில், விடிய ஐந்து மணி ஷிஃப்ற். ஸ்னோ காலத்தில் கார் கண்ணாடியில் படிந்த ஐஸைச் சுரண்ட அவள் நாலு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். போன தை மாதம் அப்படிச் சுரண்டும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை பிளாஸ்ரர். அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னது ஒரே வசனம்தான். "அடுத்த ஸ்னோவுக்கு முன்னம் ஒண்டில் உந்தக் கார் வெளியில, இல்லாட்டி நான் வெளியில." அத்தான் கொஞ்சம் யோசித்தார் என்றுதான் கேள்வி. எவ்வளவு நேரம் யோசித்தார் என்று அக்கா எனக்கு இன்றுவரை சொல்லவில்லை.

அப்படித்தான் கார் ஏலத்துக்கு வந்தது. இந்த மாதிரி ஏலங்களில் காரை விற்கிறவர், இந்த விலைக்குக் குறைந்தால் தரமாட்டேன் என்று ஒரு அடிவிலையை முதலே எழுதிக் கொடுக்கலாம். அத்தான் அதற்கு ஆசைப்பட்டார். அக்கா விடவில்லை. அடிவிலை வைத்தால் கார் திரும்பி வீட்டுக்கு வர ஒரு வழி இருக்கிறது அல்லவா? எந்த விலைக்கும் போகலாம் என்று எழுதிக் கையெழுத்து வைக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். வியாழக்கிழமையே காரைக் கொண்டுபோய் மண்டபத்தில் விட்டாயிற்று. அன்றிரவு அத்தான் சாப்பாட்டு மேசையில் கராஜ் பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு இடியப்பத்தைப் பிய்த்தார்.

இன்னொரு ஏலத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. முந்திய ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் அக்காவின் கோயிலில் மாதா திருநாள். பூசை முடிந்ததும் மண்டபத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் கூறினார்கள். நம் பக்கக் கத்தோலிக்கருக்கு இது புதிதல்ல. சுவிஸில் நாங்களும் செய்கிறோம். ஆனால் இங்கே அதன் சூடே வேறு. கடையில் பதினைந்து டொலருக்கு எடுக்கக்கூடிய ஒரு வாழைக்குலை நாற்பதுக்குப் போனது. எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, "திருப்பிக் குடுக்கிறன், மறுபடி கூறுங்கோ" என்றார். மறுபடி கூறி அறுபத்தைந்துக்குப் போனது. அவரும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தரம் நூற்றுப் பத்து.

அந்த நூற்றுப் பத்துக்காரர்தான் அல்போன்ஸ் அண்ணை. மன்னார்க்காரர், கார்ப் பாகங்கள் செய்யும் பக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அத்தானுக்கு முப்பது வருடச் சிநேகிதர். அக்கா வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறார். அவருடைய மகனின் கலியாணத்துக்கு ஓடியதும் இதே மொறிஸ் மைனர்தான். கோயில் ஏலத்தில் அவர் ஒரு ராசா. அங்கே விலை ஏற்றுவது போட்டியல்ல, மரியாதை. ஒருவர் ஐம்பது என்றால் மற்றவர் அறுபது என்று கை கொடுக்க வேண்டும், முதலாமவர் எழுபது என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒருவரைத் தனியே விட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது கஞ்சத்தனம். அந்த வாழைக்குலையில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்தது, கிழமை முழுதும் காலைச் சாப்பாடு அதுதான்.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு மல்வேர்னிலிருந்து புறப்பட்டோம். கொறோலாவை அக்கா ஓட்ட, அத்தான் முன்னால், நானும் அல்போன்ஸ் அண்ணையும் பின்னால். அண்ணையிடம் இப்போது கார் இல்லை, கோடையில்தான் பழைய வானை விற்றாராம். நாலு-பூச்சியம்-ஒன்று நெடுஞ்சாலையில் முப்பத்தெட்டுக் கிலோமீற்றர், சனிக்கிழமை என்பதால் நாற்பது நிமிடம். கிழமை நாள் என்றால் ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலும் போகலாம், மூன்று டொலர் சொச்சம்தான், ஆனால் மல்வேர்னிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கார் நிறுத்த இருபது டொலர் வாங்கினார்கள். பழைய காரைப் பார்க்கப் போகிறவனிடம் புதுக் காரை நிறுத்தக் காசு வாங்குவதுதான் இந்த வியாபாரத்தின் முதல் பாடம்.

பார்வையாளர் ரிக்கெற் முப்பது டொலர். விற்பவர்களுக்கு இரண்டு இலவச அனுமதி, அதில் அத்தானும் அக்காவும் போய்விட்டார்கள். நான் முப்பது டொலரை எடுக்கப் போக அல்போன்ஸ் அண்ணை கையைப் பிடித்து நிறுத்தினார். பக்கத்து வரிசையில் நூற்றைம்பது டொலருக்கு இன்னொரு அனுமதி கொடுத்தார்கள். இரண்டு பேர் போகலாம், மேடைக்கு முன்னால் கதிரை, கையில் இலக்கம் போட்ட ஒரு அட்டை. அண்ணை லைசென்ஸைக் கொடுத்தார், கிரெடிற் கார்டைக் கொடுத்தார், நாலு பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.

"அண்ணை, இது ஏலம் கேட்கிற ஆக்களுக்கான ரிக்கெற் எல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. முன்னுக்கு இருந்தாத்தானே தாசுக்கு ஒரு பெலன். பின்னுக்கு நிண்டு என்னத்தைச் செய்யிறது?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. முன்வரிசைக் கதிரை இலவசமாகக் கிடைக்கிறதே என்ற சந்தோசம் வேறு.

மண்டபத்துக்குள் முதலில் மூக்குக்குத்தான் வேலை. பெற்றோல், மெழுகு, பழைய தோல், பொரித்த வெங்காயம் எல்லாம் கலந்த ஒரு மணம். கார்களுக்கு நடுவே கயிறு கிடையாது, கிட்டப் போகலாம், குனியலாம், உரியவர் சம்மதித்தால் ஏறி இருக்கலாம். வாங்க வந்தவர்களைக் கண்டுபிடிப்பது சுகம், நிலத்தில் படுத்துக் காருக்கு அடியில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். நல்ல கோட் போட்ட ஒரு பெண் கூடப் படுத்தார். இன்னொருவர் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைக் கதவில் அங்கங்கே ஒட்டிப் பார்த்துக்கொண்டு போனார். என்ன இது என்று கேட்டேன். துருப்பிடித்த இடத்தை அரைத்து அடைத்துப் பெயின்ற் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாதாம். மாப்பிள்ளை பார்க்கும்போது இப்படி ஒரு காந்தம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன், என் கணவர் இதை வாசிப்பார் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

வாலில் இறக்கை வைத்த ஒரு அமெரிக்கக் கார், என் பேர்ண் வீட்டுக் குசினியையும் பல்கனியையும் சேர்த்தால் வரும் நீளம். பக்கத்தில் உண்மையான தீயணைப்பு வண்டி ஒன்று. ஒரு சாதாரண பழைய ஸ்ரேஷன் வாகன், பக்கமெல்லாம் மரம் ஒட்டினது போல. அதைப் பார்த்து அல்போன்ஸ் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். அதே வாகனை அவர் வந்த புதிதில் முன்னூறு டொலருக்கு வாங்கி, ஆறு பேர் அடைந்து இரவுத் துப்புரவு வேலைக்குப் போனார்களாம். கடைசியில் இழுத்துக்கொண்டு போகக் காசு கொடுத்து அனுப்பினார்களாம். இப்போது அதற்கு வெல்வெற் கயிறும் இல்லாமல் பதினெட்டாயிரம் எதிர்பார்க்கிறார்கள்.

எங்கள் மொறிஸ் மைனர் மூன்றாவது வரிசையில், இரண்டு பெரிய கார்களுக்கு நடுவே நின்றது. அத்தான் ஒரு துணியால் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு ஸ்கார்ஃப் கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, ஏறி இருக்கலாமா என்று கேட்டு, ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார். இங்கிலாந்தில் தன் தகப்பனின் மைனரில்தான் கார் ஓடப் பழகினாராம். கணவர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார். அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்க, அத்தான் காரின் குறை எல்லாவற்றையும் தானாகவே சொல்லத் தொடங்கினார். ஒயில் ஒழுகும், ஹீற்றர் போதாது, மூன்றாவது கியர் காலையில் முரண்டு பிடிக்கும். அக்கா பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தாள்.

அல்போன்ஸ் அண்ணை என் காதுக்குள் சொன்னார். "உவர் கார் விக்க வந்தவரோ, பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவரோ?"

குறைகளைக் கேட்கக் கேட்க அந்த அம்மாவுக்குக் கார் இன்னும் பிடித்துக்கொண்டு போனது. அக்காவின் முகம் தெளிந்தது. அவள் ஃபொயிலில் சுற்றிக்கொண்டு வந்த மீன் றோல்ஸை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள், அந்த அம்மாவுக்கும் ஒன்று. உள்ளே கோப்பி நாலரை டொலர், ஒரு சொசேஜ் பன் பதினொன்று. றோல்ஸ் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று.

ஏலம் பத்து மணிக்குத் தொடங்கியது. ஒரு காருக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான். கார் மேடையில் ஏறும், ஏலம் கூறுபவர் மூச்சு விடாமல் விலை சொல்லுவார், கீழே நாலைந்து பேர் சனத்துக்குள் ஓடி, கை தூக்கினவரைச் சுட்டிக்காட்டிக் கத்துவார்கள். யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் கொண்டக்ரர் ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கூப்பிடுவது போல இருந்தது. அரை மணித்தியாலம் எனக்கு ஒரு இலக்கமும் விளங்கவில்லை. பிறகு காது பழகிவிட்டது. நாங்களும் விளையாட்டுக்கு விலை மதிப்பிடத் தொடங்கினோம், நான் எல்லாவற்றிலும் தோற்றேன்.

எங்கள் கார் ஒன்றரைக்கு வரும் என்றார்கள், வந்தது இரண்டு மணி பத்துக்கு. அத்தானை மேடைக்குக் கீழே காரின் பக்கத்தில் நிற்க விட்டார்கள். முன்வரிசையில் அல்போன்ஸ் அண்ணை, நான், வெறுமையாக இருந்த கதிரையில் அக்கா. அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்தது.

ஐயாயிரத்தில் தொடங்கியது. மீசை வைத்த ஒருவர் ஏழாயிரத்தோடு விட்டுவிட்டார். சிவப்பு ஸ்கார்ஃப் அம்மா எட்டு என்றார். அதற்கு மேல் ஆளில்லை. எட்டாயிரம், எட்டாயிரம் என்று ஏலக்காரர் மண்டபம் முழுவதும் கண்ணை ஓட்டினார். அப்போது என் பக்கத்தில் ஒரு அட்டை மேலே போனது. அல்போன்ஸ் அண்ணை கதிரையில் சாய்ந்திருந்தபடி, கோயிலில் தூக்குவது போலவே, ஒன்பது.

"பாத்தியே," என்று அக்கா என் தொடையில் தட்டினாள். "அண்ணை விலையை ஏத்தித் தாறார்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் ஆள் எங்களுக்காக நிற்கிறார் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த அம்மா ஒன்பதரை என்றார், அண்ணை பத்து. அவர் பத்தரை. அண்ணை விடவில்லை, பத்தே முக்கால். அந்த அம்மா கணவரின் பக்கம் திரும்பிக் காதுக்குள் ஏதோ பேசிவிட்டு, பதினொன்று என்றார். அண்ணை யோசிக்கவேயில்லை. பதினொன்றரை. பிறகு அட்டையை மடியில் வைத்துவிட்டு, இனி உங்கள் முறை என்ற மாதிரி அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டினார். கீழே நின்றவர் அவரிடம் குனிந்து கெஞ்சிப் பார்த்தார், பலிக்கவில்லை. சுத்தியல் விழுந்தது. நாங்கள் மூவரும் கைதட்டினோம். எங்களில் அதிக நேரம் தட்டியது அல்போன்ஸ் அண்ணை.

இரண்டு பேர் எழுத்து அட்டையோடு எங்கள் வரிசைக்கு வந்து அண்ணைக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான், கார் அண்ணைக்கே விழுந்துவிட்டது என்று எங்களுக்கு விளங்கியது. அத்தானுக்கு முதலே விளங்கியிருக்க வேண்டும். பொனற்றில் கையை வைத்தபடி அவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வந்ததை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அது சந்தோசம். ஒரு பத்து வினாடி இருக்கும். அதை அக்காவும் பார்த்தாள்.

அல்போன்ஸ் அண்ணை கொஞ்சமும் பதறவில்லை. எழுந்து நின்று, கோயிலில் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். "நான் திருப்பிக் குடுக்கிறன், மறுபடி கூறுங்கோ." எழுத்து அட்டையோடு வந்த இருவரில் ஒரு பெண் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தாராளமாகச் செய்யலாம், அடுத்த ஏலம் சித்திரையில், நுழைவுக் கட்டணம் நானூறு, தரகு எட்டு வீதம் என்று சொல்லி, ஒரு வண்ணப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள். இப்போது கையெழுத்து இங்கே, பணம் கட்டும் இடம் அங்கே.

"பிள்ளை," என்று அண்ணை என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவர் முகம் வாடியது. "உவையள் திருப்பி எடுக்க மாட்டினமாமே?"

நான் அந்த அம்மாவைத் தேடி ஓடினேன். கோப்பி வரிசையில் நின்றார். நடந்ததைச் சொல்லி, உங்கள் பதினோராயிரத்துக்கே தருகிறோம், எடுக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, கணவரைக் காட்டி, அவர் இப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், திரும்பவும் கேட்காதீர்கள் என்றார். வீட்டில் கராஜ் இல்லையாம். றோல்ஸ் நல்லாயிருந்தது என்றும் சொன்னார்.

கட்டணமும் வரியும் சேர்ந்து அண்ணைக்குப் பதினாலாயிரத்தைத் தாண்டியது. வானுக்குப் பதிலாக ஒரு கார் வாங்க வைத்திருந்த காசு அது. மண்டப வாசலில் அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, கார் வித்த காசு என்ர கைக்கு வந்த உடன உங்கட காசைத் திருப்பித் தாறன். காரை நானே எடுக்கிறன். அவங்கட கட்டணத்தையும் நானே பொறுக்கிறன்."

"இஞ்சேருங்கோ," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. "கார் வித்தாச்சு. வித்த காசு திரும்பிப் போகாது."

அண்ணையும் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டதைக் கேட்டாயிற்று, திருப்பிக் கொடுத்தும் பார்த்தாயிற்று, அவர்கள் எடுக்கவில்லை, இனி அது தன்னுடைய கார்தான் என்றார். வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருந்த காரில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்த்தார். எழுபது வயதை நெருங்கும் மனிதர், கை வைத்த இடத்திலெல்லாம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டு அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

"எங்கட பில்டிங்கில அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் சும்மாதான் கிடக்கு," என்றார் அண்ணை. "அதில கொண்டுபோய் விடுறன்."

"அண்டர்கிரவுண்டிலயோ?" அத்தான் பதறிப்போனார். "மற்றக் காருகள் கொண்டாற உப்புத் தண்ணி எல்லாம் அங்கதான் அண்ணை நிக்கும். ஒரு வின்ரரில அடித்தட்டு போயிடும். வேண்டாம். எங்கட கராஜிலயே நிக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.  அக்கா கொறோலாத் திறப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நெடுஞ்சாலை மைனருக்குச் சரிவராது என்று ஃபின்ச் வீதி வழியாகவே திரும்பினோம். ஐம்பதில் போனால் மல்வேர்ன் வர ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். முன்னால் இளம்பச்சைக் கார், அதன் சின்னப் பின்கண்ணாடிக்குள் இரண்டு தலை. இங்கிலாந்துக் கார் என்பதால் வலப்பக்கம் ஸ்ரியரிங்கில் அல்போன்ஸ் அண்ணை. இடப்பக்கம், பதினொரு வருடத்தில் முதல் தரமாகப் பயணியாக அத்தான். சிக்னல்களில் பக்கத்துக் காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார்கள். அண்ணை ஒவ்வொருவருக்கும் ஹோர்ண் அடித்தார். பின்னால் கொறோலாவில் அக்காவும் நானும் போனோம்.

பாதி வழியில் ஒரு சிவப்பு விளக்கில் அக்கா கேட்டாள். "உனக்குத் தெரியுமே பிலோ, என்ர கை முறிஞ்ச அண்டைக்கு இந்தாள் முதல் என்ன செய்தவர் எண்டு? ஆஸ்பத்திரியால வந்து என்னைப் படுக்க விட்டிட்டு, கராஜ் கதவு சரியாப் பூட்டியிருக்கோ எண்டு போய்ப் பாத்தவர்."

அவள் அழுதாள். விளக்குப் பச்சையாகி, பின்னால் இருந்தவன் ஹோர்ண் அடித்த பிறகும் கொஞ்ச நேரம் கார் நகரவில்லை.  நான் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டு வாசலில் மைனரைக் கராஜுக்குள் விட்டுவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்து நின்றார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"அல்போன்ஸ் அண்ணை, உங்கட கார் என்ர கராஜில நிக்கலாம். வாடகை வேண்டாம். உங்கட அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கின்ர ரிமோட்டைத் தாங்கோ. என்ர கொறோலா அங்க நிக்கும்."

அண்ணை அப்போதே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை வாங்கி அத்தானிடம் நீட்டினாள்.

"வேலை நாளில விடிய நாலேகாலுக்கு நீங்கள் நடந்து போய் என்ர காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில விடவேணும். ஸ்னோ கொட்டினாலும், ஐஸ் கொட்டினாலும். ஒரு நாள் தவறினா உந்தக் கார் போய் அந்த உப்புத் தண்ணிக்குள்ள நிக்கும். அண்ணை, சம்மதமோ?"

"எனக்குச் சம்மதம்," என்றார் அண்ணை. அத்தானை யாரும் கேட்கவில்லை. அவர் ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். பெரிய ஏலங்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும், இரண்டு மூன்று நாள் நீளும். சும்மா பார்க்க வெள்ளிக்கிழமை நல்லது, சனம் குறைவு, உரியவர்கள் காருக்குப் பக்கத்திலேயே நின்று கதை சொல்லுவார்கள். தரை சீமெந்து, நல்ல சப்பாத்துப் போடுங்கள், மண்டபக் கதவுகளைத் திறந்து திறந்து மூடுவதால் ஜக்கெற்றும் தேவை. சுத்தியல் விழுந்த விலை கடைசி விலையல்ல, அதற்கு மேலே கட்டணமும் வரியும் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு அனுப்பலாமா என்றும் விசாரித்தேன், கப்பல் செலவைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முக்கியமானது ஒன்று: வாங்குகிற எண்ணம் இல்லாவிட்டால் இலக்க அட்டையைக் கையில் எடுக்காதீர்கள். சிநேகிதரின் காருக்கு மரியாதைக்காக விலை ஏற்றவே கூடாது. இது சட்டத்துக்கும் பிரச்சினை, பைக்கும் பிரச்சினை. நம் ஆட்கள் கோயில் பழக்கத்தில் கையைத் தூக்கிவிடுவார்கள் என்று அந்த ஏலக்காரருக்கு எப்படித் தெரியும்?

இலை பார்க்கக் காட்டுக்குப் போகவில்லை. அக்கா வீட்டு வீதியிலேயே நாலு மேப்பிள் நின்றன, நன்றாகவே சிவந்திருந்தன.

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். பேர்ணில் காலை பத்தரைக்குக் கோப்பியோடு இருந்தபோது அக்கா வீடியோவில் வந்தாள். அங்கே விடிய நாலரை. வேலைக்கு வெளிக்கிட்டு, வாசல் கதவுக்குப் பின்னால் நின்றபடி கமராவை வெளியே திருப்பிக் காட்டினாள். முதல் ஸ்னோ, கணுக்கால் அளவுக்கு. கொஞ்ச நேரத்தில் வீதி விளக்கின் கீழே கொறோலா மெல்ல வந்து நின்றது. கண்ணாடியில் ஒரு துளி ஐஸ் இல்லை. அத்தான் தொப்பியிலும் மீசையிலும் ஸ்னோவோடு இறங்கி, ஸ்னோ அள்ளும் சவலை எடுத்து வாசற்படியிலிருந்து கார்க் கதவு வரைக்கும் ஒரு பாதை வெட்டினார். வெட்டி முடித்து, அதில் உப்பைத் தூவினார். மூடியிருந்த கராஜைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உப்புப் போடச் சொல்லி நான் சொல்லேல்ல," என்றாள் அக்கா, என்னிடம், மெதுவாக. பிறகு அந்தப் பாதையால் நடந்து போனாள்.